கீழாநெல்லி: சாயம் வெளுத்தால் போதுமா?

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலை நடந்த உறுப்பினர் சந்திப்பில், மூலிகைத் தரப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம். உபதலைப்புகள் மட்டும் எங்களுடையவை. – ஆசிரியர் குழு)



முதலில் ஒரு மன்னிப்பு. போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட ஒரு வரியால் சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். “மொட்டை மாடித் தோட்டத்தில் கீழாநெல்லி வளர்ப்போம். ஞாயிறு காலை நடைப்பயிற்சி முடித்து வருகிறவர்களுக்கு ஆளுக்கு அரை டம்ளர் சாறு கொடுப்போம். கல்லீரலுக்கு நல்லது, ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைய இருக்கிறது” என்று ஒரு யோசனை வந்தது. வரிசையாகக் கட்டைவிரல் உயர்ந்தது. நான் மட்டும் “கொஞ்சம் பொறுங்கள்” என்று எழுதினேன். “லேப்பில் வேலை பார்த்தவர்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான்” என்று ஒரு நண்பர் பதில் போட்டார்.

அவர் சொன்னது உண்மை. இருபத்தாறு வருடம் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு வரியில் சொன்னதால்தான் அது வருத்தமாகப் போய்விட்டது. அதனால் செயலாளரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். கீழாநெல்லிக்கு எதிராகப் பேச நான் வரவில்லை. அதைச் சாப்பிட்டு வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ஒரு மூலிகையிடம் நாம் என்ன கேள்வி கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

மூன்று டம்ளர்

இந்த மேஜையில் மூன்று கண்ணாடி டம்ளர் இருக்கிறது. மூன்றிலும் தண்ணீர், அதில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து சில சொட்டு. மூன்றும் பழுப்பாகத் தெரிகிறதா? இப்போது முதல் டம்ளரில் கீழாநெல்லிக் கஷாயம் ஊற்றுகிறேன். இரண்டாவதில் எலுமிச்சைச் சாறு. மூன்றாவதில் க்ரீன் டீ. எதில் முதலில் சாயம் வெளுக்கும்? கீழாநெல்லி என்று பாதிப் பேர் கை தூக்குகிறீர்கள்.

பார்த்துக்கொண்டே இருங்கள். எலுமிச்சை முந்திக்கொண்டது. மற்ற இரண்டும் பின்னால் வெளிறி வருகின்றன. குழந்தைகள் யாரும் இதைக் குடித்துவிடாதீர்கள், பேச்சு முடிந்ததும் கொட்டிவிடுவேன்.

இப்போது நடந்ததுதான் ஆன்டி ஆக்ஸிடன்ட் சோதனையின் அடிப்படை. நம் உடம்பில் மூச்சு, செரிமானம் என்று எல்லா வேலையும் நடக்கும்போது, ஒரு எலக்ட்ரான் குறைவாக உள்ள சில துகள்கள் உண்டாகின்றன. அவை பக்கத்தில் இருப்பதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். அப்படிப் பிடுங்கவிடாமல், தன்னிடம் இருப்பதைத் தானாகக் கொடுத்துச் சமாதானப்படுத்தும் பொருளைத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்கிறோம். எலுமிச்சையில் அந்த வேலையைச் செய்வது வைட்டமின் சி. டீயிலும் கீழாநெல்லியிலும் பாலிஃபீனால் என்ற குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள். கீழாநெல்லியில் கேலிக் அமிலம், எலாஜிக் அமிலம், ஜெரானின், கோரிலாஜின், குவெர்செடின் என்று ஒரு பட்டியலே உண்டு.

பரிசோதனைக் கூடத்தில் அயோடினுக்குப் பதிலாக டி.பி.பி.எச். என்ற ஊதா நிறப் பொருளை வைத்திருப்போம். மூலிகைச் சாற்றைச் சேர்த்தால் ஊதா மெல்ல மஞ்சளாகும். எவ்வளவு மாறியது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் கருவி அளந்து சொல்லும். ஊதாவில் பாதியை வெளுக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்று கணக்கிடுவோம். குறைவாகத் தேவைப்பட்டால் வீரியம் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைட்டமின் சி வைத்திருப்போம். நல்ல சோதனைதான். மலிவு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கீழாநெல்லி இதில் நன்றாகவே தேறும்.

ஆனால் இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பாக்கெட்.

பொய் சொல்லாத காகிதம்

பெயர் வேண்டாம், ஒரு தயாரிப்பாளர் கீழாநெல்லிப் பொடி அனுப்பியிருந்தார். ஆன்டி ஆக்ஸிடன்ட் சோதனை மட்டும் போதும் என்று கடிதம். செய்தோம். அருமையான முடிவு. நாங்கள் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த அசல் கீழாநெல்லியைவிட நன்றாக வெளுத்தது. எனக்கு ஒரே சந்தோஷம். என் மேலதிகாரி மட்டும் முகத்தைச் சுளித்தார். “அசலைவிட நன்றாக இருந்தால் அது அசல்தானா என்று பார்க்க வேண்டாமா?” என்றார்.

பள்ளியில் சாக்பீஸில் மைப்பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தியிருப்பீர்கள். மை மேலே ஏறி நீலம், பச்சை என்று பிரியும். அதேபோல மூலிகைச் சாற்றைச் சிலிக்கா பூசிய மெல்லிய தகட்டில் பொட்டு வைத்துக் கரைப்பானில் நிறுத்துவோம். உள்ளே இருக்கும் பொருள்கள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். கீழாநெல்லி என்றால் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு பட்டைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அவைதான் அதன் அங்க அடையாளம். அந்தப் பொடியில் அந்த இடம் கிட்டத்தட்ட காலி. மண்ணும் நிறைய. மேலும் பார்த்ததில், பெரும்பகுதி சிவப்புக் கீழாநெல்லி என்று சொல்லப்படும் வேறு செடி. அதிலும் பாலிஃபீனால் நிறைய உண்டு. அதனால்தான் சாயம் அவ்வளவு அழகாக வெளுத்தது.

விஷயத்தைச் சொன்னோம். “நாங்கள் கேட்ட சோதனைக்கு மட்டும் ரிப்போர்ட் கொடுங்கள்” என்று பதில் வந்தது. கொடுத்தோம். வேறு வழியில்லை. சில மாதம் கழித்து ஒரு கடையில் அதே பாக்கெட்டைப் பார்த்தேன். “பரிசோதிக்கப்பட்டது, ஆன்டி ஆக்ஸிடன்ட் நிறைந்தது” என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எங்கள் காகிதத்தில் ஒரு பொய்யும் இல்லை. கேட்ட கேள்வி சின்னது, அவ்வளவுதான். நம் வீட்டு டீத்தூளும் இந்தச் சோதனையில் தேறும். முருங்கைக் கீரையும், மாதுளைத் தோலும் தேறும். பாஸ் ஆனதால் எதுவும் கீழாநெல்லி ஆகிவிடாது. அன்றிலிருந்து எந்த மூலிகை வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். இது அதுதானா? இது சுத்தமானதா? இது இந்த நோய்க்குத்தானா?

முதல் கேள்வி: இது அதுதானா?

கீழாநெல்லியை யாருக்குத் தெரியாது என்று நினைப்போம். இலைக்குக் கீழே வரிசையாகக் குட்டி நெல்லிக்காய். அதுதான் சிக்கல். இலைக்குக் கீழே காய் காய்க்கும் செடிகள் இந்தக் குடும்பத்தில் பல. படித்தவர்களே ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் இந்தியத் தாவரங்களுக்குப் பெரிய நூல் ஒன்று எழுதினார். அதில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று ஒரே பெயரில் குறித்தது உண்மையில் மூன்று தனித்தனிச் செடிகள் என்று 1985-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ் என்பவை அவை. அசல் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் கீழாநெல்லி ஃபில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. இன்றும் பல பாக்கெட்டில் நிரூரி என்றே அச்சடிக்கிறார்கள்.

கடைகளில் நிலைமை என்ன? தென்னிந்தியாவில் 25 மூலிகைக் கடைகளின் சரக்கை எடுத்து, மரபணு வரை போய்ப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. 76 சதவீதக் கடைகளில் கிட்டத்தட்ட முழுக்க அமாரஸ்தான் இருந்தது. இதை மனசார மெச்ச வேண்டும். செடி பறித்து விற்பவர்களில் பெரும்பாலோருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. மீதி 24 சதவீதக் கடைகளில் வேறு ஐந்து வகை ஃபில்லாந்தஸ் செடிகள் இருந்தன. அதாவது நான்கு கடைக்கு ஒரு கடை. நம் மாடித் தொட்டியில் தானாக முளைப்பதற்கு அந்த அளவு உத்தரவாதம்கூடக் கிடையாது.

நேற்று காலை ஏ பிளாக் மாடிக்குப் போனேன். “கீழாநெல்லி” என்று அட்டை குத்திய தொட்டிகளில் மூன்று வகைச் செடி இருந்தது. இதோ கொண்டுவந்திருக்கிறேன், கை மாற்றிப் பாருங்கள்.

முதல் செடியில் தண்டு பச்சை. காய் வழவழப்பாக, மெல்லிய காம்பில் தொங்குகிறது. இதுதான் கீழாநெல்லி. இரண்டாவதில் தண்டில் செம்மை ஓடுகிறது. காய் காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கிறது, தொட்டால் சொரசொரப்பு. இது சிவப்புக் கீழாநெல்லி. மூன்றாவதன் இலை நுனியில் அகன்று காம்புப் பக்கம் குறுகி ஆப்பு மாதிரி இருக்கிறது. இது மேலாநெல்லி, சித்த மருத்துவத்திலேயே தனி மூலிகை. இன்னும் நெருங்கிய உருவம் கொண்டவற்றைப் பிரிக்க ஒரு லென்ஸ் வேண்டும். அமாரஸின் குட்டிப் பூவில் இதழ் ஐந்து. டெபிலிஸ், ஃப்ரேட்டர்னஸ், சிவப்புக் கீழாநெல்லி இவற்றில் ஆறு. நம் பிள்ளைகளிடம் லென்ஸ் கொடுத்துப் பாருங்கள், நம்மைவிட வேகமாக எண்ணிவிடுவார்கள்.

மற்றவை எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்குச் சொன்ன குணத்தை இன்னொன்றின் தலையில் ஏற்ற முடியாது என்கிறேன்.

இரண்டாவது கேள்வி: இது சுத்தமானதா?

சரியான செடிதான் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைக் கூடத்தில் அடுத்து என்ன செய்வோம்? முதலில் கையால் பிரித்து, புல், குச்சி, வேறு இலை எவ்வளவு என்று எடை போடுவோம். அடுத்து எரித்துச் சாம்பலை நிறுப்போம். அந்தச் சாம்பலை அமிலத்தில் போட்டால் கரையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் மணல். கீழாநெல்லியை வேரோடு பிடுங்குவதால் இந்தச் சோதனையில்தான் நிறையச் சரக்கு மாட்டும். கிலோவுக்கு விலை கொடுக்கிறோம், அதில் மணலும் சேர்ந்து வருகிறது.

பிறகு ஈரப்பதம். சரியாகக் காயாத சரக்கு மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்லடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது நேராகத் தாக்குவது எதைத் தெரியுமா? கல்லீரலை. கல்லீரலுக்கு நல்லது என்று வாங்கிய பொடியே அதைக் கெடுத்தால் எப்படி இருக்கும்?

பிறகு கன உலோகங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கணக்கிடுவோம். காரீயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. இதற்கு மேல் போனால் சரக்கு தள்ளுபடி. சாலையோரத்து மண்ணில் இது பெரிய பிரச்சினை. காரீயம் கலந்த பெட்ரோலை நம் நாட்டில் 2000-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் மண்ணில் விழுந்த காரீயம் அங்கேயே கிடக்கும். காம்பவுண்டுச் சுவரோரம் செழிப்பாக வளர்ந்திருக்கிறதே என்று பறித்து வருகிறோம். அந்த மண் இத்தனை வருடம் எதையெல்லாம் வாங்கிக்கொண்டது என்று செடி நம்மிடம் சொல்லாது.

கடைசியாகக் கிருமிகள். ஈ-கோலி, சால்மோனெல்லா இரண்டும் அறவே இருக்கக் கூடாது.

இங்கேதான் நம் குடியிருப்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் தோட்டத்துக்கு எந்தத் தண்ணீர் விடுகிறோம்? எஸ்.டி.பி. தண்ணீர். கழிவுநீரைச் சுத்திகரித்து வருகிற தண்ணீர். புல்லுக்கும் பூச்செடிக்கும் அது நல்ல ஏற்பாடு, லாரித் தண்ணீர்ச் செலவு மிச்சம். ஆனால் தரையோடு வளரும் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, பச்சையாக அரைத்து, வெறும் வயிற்றில் குடிப்பதற்கு உரிய தண்ணீர் அல்ல அது. இதோடு மாதம் ஒரு முறை கொசு மருந்துப் புகை, நடைபாதைக் களைக்கு அடிக்கும் மருந்து, காலை மாலை உலா வரும் நம் நாய்ச் செல்லங்கள். நான் “பொறுங்கள்” என்று எழுதியதற்கு முதல் காரணம் இதுதான். மஞ்சள் காமாலையில் ஒரு வகையே அசுத்தமான தண்ணீரால் வருவது. அதற்கு மருந்து என்று சொல்லி அதையே கொடுத்துவிடக் கூடாது.

டம்ளர் வேறு, உடம்பு வேறு

“சரி, சரியான செடி, சுத்தமான செடி. அப்போது ஆன்டி ஆக்ஸிடன்ட் உடம்புக்கு நல்லதுதானே?” என்று கேட்பீர்கள்.

டம்ளரில் சாறும் சாயமும் நேருக்கு நேர் நிற்கின்றன. உடம்பில் அப்படி இல்லை. பாலிஃபீனாலில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வருவதே குறைவு. வருவதையும் கல்லீரல் உருமாற்றி அனுப்பிவிடுகிறது. உணவுப் பொருள்களின் ஆன்டி ஆக்ஸிடன்ட் அளவைப் பட்டியலாக இணையத்தில் வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, 2012-இல் அதை எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்பது காரணம்.

அதைவிடக் கடுமையான பாடம் பின்லாந்தில் கிடைத்தது. பீட்டா கரோட்டின் பெயர்பெற்ற ஆன்டி ஆக்ஸிடன்ட். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஆய்வு நடத்தினார்கள். புற்றுநோய் குறையும் என்று நம்பித் தினமும் 20 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். யாரும் கேரட் சாப்பிடாமல் இருக்க வேண்டாம். கேரட் வேறு, பிரித்தெடுத்துக் குவித்த மாத்திரை வேறு. டம்ளரில் நல்லதாகத் தெரிவது உடம்பில் நல்லது செய்யும் என்று தானாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொன்னேன்.

மூன்றாவது கேள்வி: இது இந்த நோய்க்குத்தானா?

கீழாநெல்லியின் கதையில் நம் சென்னைக்கு ஒரு பெருமையான பக்கம் உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க்கும் அவருடைய சகாக்களும் இந்த மூலிகையை ஆராய்ந்து 1987-இல் கட்டுரை எழுதினார்கள். அடுத்த வருடம் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ‘லான்செட்’ இதழில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறு வேறு ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2011-இல் அலசியவர்களும், நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றுதான் எழுதினார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு நல்ல சேதி வந்தால் மறுபடி மறுபடி சோதித்துப் பார்ப்பதுதான் முறை. இன்று ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. கிருமியை அடக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன.

“எங்கள் வீட்டில் குணமானதே?” என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் குணமானது. நான் பள்ளியில் படிக்கும்போது அப்பாவுக்குக் காமாலை. அம்மா கீழாநெல்லியை அரைத்து, நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கலக்கி, விடியற்காலை வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பில்லாப் பத்தியம். மூன்று வாரத்தில் அப்பா வயலுக்குப் போய்விட்டார். எங்களுக்கு அது கண்கண்ட தெய்வம். பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அப்பாவைக் காப்பாற்றியது கீழாநெல்லியா, ஓய்வும் பத்தியமுமா, காலமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பல வருடம் கழித்து என் தம்பிக்குக் கண் மஞ்சளானது. வயது முப்பத்தொன்று. அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். “நீ லேப்பில்தானே இருக்கிறாய், நல்ல கீழாநெல்லியாகப் பார்த்துக் கொண்டு வா” என்றாள். நானே தேர்ந்தெடுத்தேன். நானே சோதித்தேன். அசல் அமாரஸ். மணல் இல்லை, பூஞ்சை இல்லை, உலோகம் வரம்புக்கு வெகு கீழே. அவ்வளவு சுத்தமான சரக்கு அந்த வருடம் எங்கள் கூடத்துக்கே வரவில்லை. பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் குடித்தான். மஞ்சள் கூடிக்கொண்டே போனது. உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி முழுக்கச் சொரிந்துகொண்டே இருப்பான். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. “மருந்து வேலை செய்கிறது, பித்தம் இறங்குகிறது” என்றார்கள் பக்கத்து வீட்டில். நானும் பேசாமல் இருந்தேன். பதின்மூன்றாம் நாள் குளிர்க் காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பித்தநாளத்தில் கல். அடைத்து, சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏற ஆரம்பித்திருந்தது. கல்லை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். “இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால்” என்று டாக்டர் ஆரம்பித்தார், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை.

கொடுத்த மூலிகையில் ஒரு குறையும் இல்லை. என் முதல் இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை. காமாலை ஒரு நோய் அல்ல, ஓர் அடையாளம். கிருமியால் வரலாம், கல்லால் வரலாம், குடியால் வரலாம், எலிக்காய்ச்சலில் வரலாம், அளவுக்கு மேல் விழுங்கிய காய்ச்சல் மாத்திரையால்கூட வரலாம். என்ன காரணம் என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் சொல்லிவிடும். அதற்கு முன்னால் எந்தச் சாறும் வேண்டாம். மலம் வெளுத்தாலோ, தாங்காத அரிப்பு, குளிர்க் காய்ச்சல், குழப்பமான பேச்சு, ரத்தக் கசிவு இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் கோரிக்கைகள்

கமிட்டிக்கு மூன்று விண்ணப்பம்.

ஒன்று, மாடியில் மூலிகைத் தோட்டம் வேண்டும், ஆனால் பார்த்துப் படிக்கும் தோட்டமாக. சரியான பெயர்ப் பலகை நான் எழுதித் தருகிறேன். பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாள் லென்ஸ் வகுப்பு எடுக்கவும் தயார்.

இரண்டு, சமையலுக்குப் பறிக்கும் புதினா, கொத்தமல்லி, கீரைத் தொட்டிகளைத் தனியாக வைப்போம். அவற்றுக்கு எஸ்.டி.பி. தண்ணீர் வேண்டாம், மருந்தும் அடிக்க வேண்டாம்.

மூன்று, ஞாயிறு காலை சங்கத்தின் பெயரால் மருந்துச் சாறு வேண்டாம். நம்மில் சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பொதுவாக ஊற்றிக் கொடுக்க முடியாது. எலுமிச்சைச் சாறு கொடுப்போம். டம்ளர் போட்டியில் அதுதானே ஜெயித்தது?

வாட்ஸ்அப்பில் எனக்குப் பதில் போட்ட நண்பருக்கு நன்றி. அவர் இல்லாவிட்டால் இந்த மைக் எனக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி நேரத்திலிருந்து

அப்படியானால் கீழாநெல்லியே சாப்பிடக் கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவர் உங்களைப் பார்த்துக் கொடுத்தால் சாப்பிடுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை அவரிடம் காட்டுங்கள். மூலிகை சாப்பிடுவதை உங்கள் ஆங்கில மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.

பாக்கெட் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகம் என்ற விவரம். இவை இல்லாமல் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

கொதிக்க வைத்துக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

கொதித்தால் கிருமி சாகும். காரீயம் சாகாது, தப்பான செடி சரியான செடியாகவும் மாறாது.

(பின்குறிப்பு: மூன்று விண்ணப்பங்களும் அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டுள்ளன. உறுப்பினர்கள் தங்கள் கருத்தை அலுவலகத்தில் எழுதித் தரலாம். – செயலாளர்)